நம்ம கட்சிப் புழு

பரிணாமம் என்று சொன்னால் உங்களுக்குக் குரங்கு ஞாபகம் வரும். எனக்கு ஆட்டுப் புழுக்கை ஞாபகம் வரும். அதில் எனக்கு வெட்கம் ஒன்றும் இல்லை. குரங்கு மனுஷனான கதையைப் பக்கத்தில் நின்று பார்த்தவர் யாரும் கிடையாது. அய்யனார் கோவில் அருவிக்குக் குளிக்கப் போனால் நம் கையிலிருக்கும் முறுக்குப் பொட்டலத்தைப் பிடுங்கிக்கொண்டு மரத்தில் ஏறுகிற குரங்கைப் பார்த்திருப்பீர்கள். மனுஷனாகும் உத்தேசம் அதன் முகத்தில் துளிகூடத் தெரியாது. ஆனால் ஓர் உயிர், தன்னைக் கொல்ல வந்த மருந்துக்கே டிமிக்கி கொடுத்துத் தலைமுறை தலைமுறையாக வேறொன்றாக மாறிப்போனதை நான் நேரில் பார்த்திருக்கிறேன். வத்திராயிருப்புப் பக்கத்தில், ஒரு டீ வடிகட்டியின் உதவியோடு.

நான் ஓய்வுபெற்ற கால்நடை ஆய்வாளர். டாக்டர் ஊசி போடுவார், ஆட்டின் காலைப் பிடித்துக்கொண்டு உதை வாங்குகிறவர் ஆய்வாளர். ஊரில் எங்களையும் 'மாட்டு டாக்டர்' என்றுதான் கூப்பிடுவார்கள். நாங்களும் மறுத்துச் சொல்லிப் பழக்கமில்லை.

போன வாரம் எங்கள் துறைக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு போட்டோ வந்தது. குடற்புழு நீக்க முகாம். இளவட்டங்கள் நாலைந்து பேர் புது மருந்து டப்பாவை உயர்த்திப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். கீழே, 'ஒரு ஆடு விடாமல் எல்லா ஆட்டுக்கும் மருந்து, இனி இந்தப் பக்கம் புழு என்ற பேச்சே இல்லை' என்று எழுதி, கைதட்டும் பொம்மைகள். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும், அது பிறவிக் கோளாறு. 'ஒரு ஆடு விடாமல் கொடுத்தால் புழு பேசாது, பாட்டே பாடும்' என்று அடித்துக்கொண்டிருந்தேன். என் மனைவி ரோஸ்லின் எட்டிப் பார்த்துவிட்டு போனை வாங்கி வைத்துக்கொண்டாள்.

"ரிட்டயர் ஆகியும் சண்டைதானா? சொல்ல வேண்டியத விவரமா எழுதுங்க. சின்னப் பிள்ளைக படிச்சுக்கிடும்" என்றாள். அதனால்தான் எழுதுகிறேன். படிக்காவிட்டால் அது அவர்கள் பாடு.

பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. மாட்டைப் பின்பக்கமாக அணுகாதே, ஆட்டுக் கிடாவை முன்பக்கமாக அணுகாதே, ஆட்டுக்காரரை எந்தப் பக்கமாகவும் வெறுங்கையோடு அணுகாதே என்பதைக் கற்றுக்கொண்டேன். முதல் வேலை ஆலங்குளம் பக்கம். அங்கே சுண்ணாம்புக்கல் லாரி போகிற ரோட்டோரம் மேய்கிற ஆடுகள் எல்லாம் சாயங்காலத்துக்குள் ஒரே நிறத்துக்கு வந்துவிடும். கறுப்பு ஆட்டுக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தால், "எங்கிட்ட கறுப்பு ஆடே இல்லையே" என்பார்கள். அங்கிருந்து சுற்றிச் சுற்றி, கடைசியில் மகாராஜபுரம் பக்கத்து மருந்தகத்துக்கு வந்து சேர்ந்தேன். அங்கேதான் டாக்டர் கோமதிக்குக் கீழே வேலை பார்த்தேன்.

டாக்டர் கோமதி சங்கரன்கோவில்காரர். என்னைவிட வயதில் சின்னவர், உயரத்தில் இன்னும் சின்னவர். எங்கே போனாலும் ஒரு காலி மருந்து வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல்தான் உட்காருவார். நாற்காலி கொண்டுவந்து போட்டால், "அதுல நீங்க உக்காருங்க" என்பார். ஆடு மாடுகளுக்கு மரியாதை கொடுப்பார். ஊசி போடுமுன் பசுவின் முதுகைத் தட்டி, "செத்த நேரம் நில்லுங்க, முடிஞ்சுது" என்பார். அந்த மரியாதை எங்களுக்குக் கிடைக்காது. குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. யார் எதை அடித்துச் சொன்னாலும் அவரிடம் ஒரே பதில்தான். "இருக்கலாம். பாத்துருவோம்." தன் மருமகள் மலடு என்று மாட்டைப் பற்றிச் சொல்வதுபோல ஒரு மாமியார் வந்து சொன்னபோதும் அதையேதான் சொன்னார். அந்தம்மாள் நாலு மாசம் கழித்து மருமகளோடு வந்து இனிப்புக் கொடுத்துவிட்டுப் போனார். எங்கள் மருந்தகத்துக்கு அந்த விஷயத்தில் சம்பந்தமில்லை என்று சொல்லிப் பார்த்தோம், கேட்கவில்லை.

இனி பேச்சியம்மாள். புருஷன் திருப்பூருக்கு வேலைக்குப் போய் அங்கேயே தங்கிவிட்டார். மாசத்துக்கு ஒரு தரம் வருவார். ஆட்டு மந்தை முழுக்க அவள் பொறுப்பு, கூடமாட கொழுந்தன் ஒருவன். எல்லாம் வெள்ளை உடம்பில் செம்பொட்டு விழுந்த நம்ம ஊர்ச் செம்மறி. அறுப்பு முடிந்த வயலில் ராத்திரி ஆட்டை அடைத்துப் போட்டால் புழுக்கையும் மூத்திரமும் நிலத்துக்கு எரு. அதைத்தான் கிடை போடுவது என்பார்கள். நிலத்துக்காரர் அதற்குக் கூலியாக நெல்லோ பணமோ கொடுப்பார். ஒரு ஊர் முடிந்ததும் அடுத்த ஊர். பேச்சியம்மாளுக்கு அந்த மந்தைதான் சோறு. அதோடு, ராஜபாளையத்து மில் வேலைக்குப் போகாமல், யார் விசிலுக்கும் எழுந்திருக்காமல் வாழ்கிற கௌரவமும் அதுதான். அதை அவளே வாய்விட்டுச் சொல்வாள்.

இதில் எங்கள் பக்கத்துக்கென்று ஒரு வழக்கம் இருந்தது. கிடைக்குப் பேச வருகிற நிலத்துக்காரர்கள், "மருந்து குடுத்த ஆடா?" என்று முதலில் கேட்பார்கள். சீக்கு ஆடு தன் வயலில் விழுந்து செத்தால் வம்பு என்ற பயம். அதனால் ஊர் மாறுகிற அன்று காலையில் என்னைக் கூப்பிட்டு, மந்தை முழுவதற்கும் குடற்புழுவுக்கான வெள்ளை மருந்தை ஊற்றச் சொல்வார்கள். நான் ஊற்றி முடித்ததும் அப்படியே புது மேய்ச்சலுக்கு ஓட்டிப் போவார்கள். கல்யாண வீட்டுக்குக் குளித்துவிட்டுப் போகிற மாதிரி. எங்கள் துறையும் அப்போது அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தது. சுத்தம் செய்து புது இடத்துக்கு அனுப்பு, புது இடமும் சுத்தமாக இருக்கும். கேட்க எவ்வளவு நன்றாக இருக்கிறது!

அந்த வருஷம் மழை தை பிறந்தும் விடவில்லை. வரப்பெல்லாம் பச்சைப் புல். ஆடுகள் வயிறு முட்ட மேய்ந்தன, மேய்ந்துகொண்டே இளைத்தன. கீழ்த்தாடை பைபோல வீங்கித் தொங்கியது. ஒரு நாள் காலையில் பேச்சியம்மாள், கொழுந்தன் ஓட்டி வந்த டிவிஎஸ் வண்டியில் செத்த ஆடு ஒன்றைக் குறுக்கே போட்டுக்கொண்டு வந்து மருந்தகத்து வாசலில் இறக்கினாள்.

"சார், நீங்க ஊத்துனது மருந்தா, வாறுகால் தண்ணியா?"

மருந்தகத்தில் கூட்டம் இருந்தது. எனக்குச் சுள்ளென்று ஏறிவிட்டது. "ஏம்மா, நான் என்ன பால்காரனா, தண்ணி கலக்க?" என்றேன்.

"அதுவும் வெள்ளை, இதுவும் வெள்ளை. யாரு கண்டா? ரெண்டு தரம் ஊத்துனீக. ரெண்டு தரமும் ஆடு சாவுது. புரோக்கர் அண்ணாச்சி வந்து பாத்துட்டுப் போயிட்டாக. மந்தைய மொத்தமா கறிக்குக் குடுத்துட்டு நான் மில்லுக்குப் போறேன். அப்ப உங்களுக்குச் சந்தோசந்தான?"

கடைசி வார்த்தையில் குரல் உடைந்துவிட்டது. எனக்கு அதற்குமேல் கத்த முடியவில்லை. டாக்டர் உள்ளேயிருந்து வந்தார். நான் மருந்தில் தண்ணீர் கலந்தேன் என்கிறாள் என்று முறையிட்டேன். அவர் என்னைப் பார்த்தார், ஆட்டைப் பார்த்தார்.

"இருக்கலாம். பாத்துருவோம்" என்றார்.

அன்றைக்கு நான் அவரோடு பேசவில்லை. அவர் அதைக் கவனித்த மாதிரியும் தெரியவில்லை.

பின்னால் வேப்பமரத்தடியில் ஆட்டை அறுத்துப் பார்த்தோம். ஆட்டுக்கு நாலு இரைப்பை. நாலாவதைப் பிளந்து விரித்ததும், உள்சுவர் முழுக்க சிவப்பும் வெள்ளையுமாக முறுக்கிய நூல்கள் நெளிந்தன. ரத்தம் குடிக்கிற புழு. ஆட்டின் உடம்பில் ரத்தமே மிச்சமில்லை, எல்லாம் அதுகளின் வயிற்றில் இருந்தது. பேச்சியம்மாள் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு குனிந்து பார்த்தாள்.

"இது போன வாரம் மருந்து குடிச்ச ஆடு" என்றாள்.

"அதான் எனக்கும் யோசனையா இருக்கு. பேச்சியம்மா, எனக்கு ரெண்டு வாரம் டைம் குடு. அதுவரைக்கும் புரோக்கர நிறுத்தி வை" என்றார் டாக்டர்.

"ரெண்டு வாரத்துல பாதி ஆடு போயிருமே."

"ரத்தமில்லாம ரொம்ப வெளுத்த ஆடுகள எங்கிட்ட விட்டுரு. அதுகளுக்கு வேற வைத்தியம் நான் பாக்கேன். மத்ததுல ஒரு பரீட்சை வைக்கணும்."

பேச்சியம்மாள் அரைமனதாகத் தலையாட்டினாள். மறுநாள் காலையில் கிடைக்குப் போனோம். ஸ்ரீவில்லிபுத்தூர் ஸ்டோரிலிருந்து வந்த, சீல் உடைக்காத பெட்டியை டாக்டர் பேச்சியம்மாள் முன்னால் வைத்தார். "உனக்குப் பிடிச்ச பாட்டில எடு. நீயே தொறந்து ஊத்து. ஞானமுத்து சார் கையே படக்கூடாது." ஞானமுத்து என்பது நான்தான். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு கைதி மாதிரி நின்றேன்.

அதற்குமுன் எடை. அதுவரை நாங்கள் எல்லாரும் ஆட்டைக் கண்ணால் பார்த்துக் குத்துமதிப்பாகத்தான் மருந்து ஊற்றுவோம். டாக்டர் வேப்பங்கிளையில் கொக்கித் தராசைத் தொங்கவிட்டு, சாக்கில் நாலு கால் ஓட்டை போட்டு, ஒவ்வொரு ஆட்டையும் அதில் மாட்டித் தூக்கினார். ஆடு அந்தரத்தில் கால் நாலும் தொங்க, அவமானப்பட்ட முகத்தோடு ஆடிக்கொண்டிருந்தது. "ஆட்டுக்குத் தொட்டில் கட்டுதீகளே, தாலாட்டும் பாடுவீகளா?" என்றாள் பேச்சியம்மாள். அன்றைக்கு முதன்முதலாக அவள் முகத்தில் சிரிப்பைப் பார்த்தேன். நான் கண்மதிப்பாகச் சொன்ன எடைக்கும் தராசு காட்டிய எடைக்கும் இருந்த வித்தியாசத்தை இங்கே எழுதப்போவதில்லை.

பிறகு புழுக்கை. தரையில் கிடப்பதை எடுக்கக்கூடாது. அது எந்த ஆட்டுடையது என்று ஆட்டுக்கே தெரியாது. கையுறை போட்டு, விரலில் எண்ணெய் தடவி, ஆட்டிடமிருந்தே நேராக வாங்க வேண்டும். சூடாக இருக்கும். ஒவ்வொன்றையும் தனித்தனிப் பாலிதீன் உறையில் போட்டு, உறையிலும் ஆட்டின் முதுகிலும் ஒரே நம்பரை எழுத வேண்டும். ஒப்பிட்டுப் பார்க்கச் சில ஆடுகளை மருந்து கொடுக்காமல் விட வேண்டும். மருந்து கொடுத்து இரண்டு வாரம் கழித்து அதே ஆடுகளிடம் மறுபடி போய் மறுபடி வாங்க வேண்டும். இரண்டாம் தடவை என்னைப் பார்த்ததுமே அவை வாலை அழுத்தி மூடிக்கொண்டன.

மருந்தகத்தில் டாக்டர் தன் வீட்டுக் கல்வத்தைக் கொண்டுவந்திருந்தார். அதில் புழுக்கையை நசுக்கி, இனிமேல் கரையாது என்கிறவரை உப்புக் கரைத்த தண்ணீரை விட்டுக் கலக்கி, டீ வடிகட்டியில் வடிகட்டுவார். புழுவின் முட்டை அந்த உப்புத் தண்ணீரில் மேலே மிதக்கும், மண்ணும் கசடும் கீழே போகும். கோடு போட்ட கண்ணாடித் தட்டில் அதை ஊற்றி, கொஞ்சம் காத்திருந்து, மைக்ராஸ்கோப்பில் வைத்துக் கட்டம் கட்டமாக எண்ண வேண்டும். வடிகட்டியை இதற்கென்றே புதிதாக வாங்கியிருந்தோம். ஆனால் எங்கள் ஆபீஸ் உதவியாளர் சுத்தக்காரர். யாரோ வெளியே போட்டுவிட்டார்கள் என்று நினைத்து, நன்றாகத் தேய்த்துக் கழுவி அடுப்புப் பக்கத்து ஆணியில் மாட்டிவிட்டார். இரண்டு நாள் கழித்துத்தான் தெரிந்தது. அதன்பின் எங்கள் மருந்தகத்தில் யாரும் டீ போட்டுக் குடித்ததில்லை. எதிரே இருந்த டீக்கடைக்காரர் ஏன் திடீரென்று வியாபாரம் கூடியது என்று இன்றுவரை தெரியாமல் சாமிக்கு மாலை போட்டுக்கொண்டிருக்கிறார்.

இரண்டாம் தடவை எண்ணியபோது டாக்டர் என்னை முதலில் பார்க்கச் சொன்னார். நான் எண்ணிச் சொன்னேன். அவர் எண்ணினார். தட்டைக் கழுவி, மறுபடி ஊற்றி, மறுபடி எண்ணினார். மருந்துக்கு முன்னால் எவ்வளவு முட்டையோ, பின்னாலும் ஏறக்குறைய அவ்வளவு. மருந்து கொடுக்காத ஆட்டுக்கும் கொடுத்த ஆட்டுக்கும் வித்தியாசமே இல்லை. டாக்டர் தயிர்சாதத்தைப் பிரித்துச் சாப்பிட்டு முடித்தார். என்மேல் பழி இல்லை என்று தெரிந்துவிட்டது. ஆனால் சந்தோஷப்பட முடியவில்லை. தண்ணீர் கலந்திருந்தால் நல்ல மருந்து ஊற்றி மந்தையைக் காப்பாற்றியிருக்கலாம். இது நல்ல மருந்து. புழு அதைக் குடித்துவிட்டு ஏப்பம் விட்டுக்கொண்டிருக்கிறது.

சாயங்காலம் கிடைக்குப் போய் வாளியைக் கவிழ்த்து உட்கார்ந்தார் டாக்டர். பேச்சியம்மாள் கேட்டாள், "மருந்து குடிச்சுக் குடிச்சுப் பழகிருச்சாக்கும்? எங்க மாமனாரு சாராயத்துக்குப் பழகுன மாதிரி?"

"இல்ல, ஒரு புழுவும் பழகலை. இப்போ ராஜபாளையத்துல இருந்து ஸ்ரீவில்லிபுத்தூருக்கு பஸ் போகுது. நல்ல கூட்டம். பாதி வழியில செக்கர் ஏறுதாரு. டிக்கெட் இல்லாதவன எல்லாம் இறக்கி விட்டுட்டாரு. மிச்சம் உள்ளே நிக்கிறவன் யாரு?"

"டிக்கெட் வச்சிருக்கவன்."

"அவன் செக்கரப் பாத்த பொறவா டிக்கெட் வாங்குனான்?"

"முன்னாடியே வச்சிருந்தான்."

"அம்புட்டுத்தான். கோடிப் புழுவுல ஏதோ ஒண்ணு ரெண்டு பொறக்கும்போதே இந்த மருந்தத் தாங்குற உடம்போட பொறக்கும். அது மருந்தக் கண்டதே கிடையாது. ஏதோ ஒரு கோளாறு, அவ்வளவுதான். நாம மருந்து ஊத்துனா மத்ததெல்லாம் செத்துரும், அது மட்டும் நிக்கும். அது போடுற பிள்ளைகளும் டிக்கெட்டோடயே பொறக்கும். புழுவுக்குத் தலைமுறைங்கறது சில வாரந்தான். நமக்குப் பேரன் எடுக்க எம்புட்டு வருசம்? அதுக்கு ஒரு மழை போதும்."

டாக்டர் அதோடு விடவில்லை.

"மருந்து ஊத்துன அன்னைக்கே நாம ஆட்டப் புது ஊருக்கு ஓட்டுறோம். அங்க மேய்ச்சல்ல பழைய புழு இல்ல. காலி பஸ். அதுல ஏறுறதே டிக்கெட் வச்சிருக்கவன் மட்டுந்தான். ஊர் ஊரா நாமளே கொண்டுபோய் வெதச்சிருக்கோம்."

எருவுக்காகக் கிடை போட்டோம் என்று நினைத்தோம். கூடவே இதையும் போட்டிருக்கிறோம்.

"அப்ப எம் மந்தை அவ்வளவுதானா?" என்று கேட்டாள் பேச்சியம்மாள்.

"வேற குடும்பத்து மருந்து இருக்கு. அது இந்தப் புழுவக் கொல்லும். ஆனா அதையும் எல்லா ஆட்டுக்கும் ஊத்துனா, நாலு வருசத்துல இதே கதைதான். அதனால வெளுத்த ஆட்டுக்கு மட்டும் குடுப்போம். நல்லா இருக்குற ஆட்டுக்குக் குடுக்க வேண்டாம். அது வயித்துல கொஞ்சம் புழு இருக்கட்டும்."

"இருக்கட்டுமா?"

"மருந்துக்குச் சாகுற புழு நம்ம கட்சி. அது உயிரோட இருந்தாத்தான் டிக்கெட் வச்சிருக்கவனுக பிள்ளைகளோட கலந்து, அடுத்த தலைமுறையும் மருந்துக்குச் சாகும்."

"எங்கட்சி ஆள வயித்துக்குள்ள வச்சு நான் ரத்தச் சோறு போடணுமாக்கும்?"

"எல்லாக் கட்சியும் அதைத்தான பண்ணுது" என்றார் டாக்டர். முகத்தில் சிரிப்பே இல்லை.

வெளுத்த ஆடு எது என்று எப்படித் தெரியும்? கண்ணின் கீழ்இமையை விரலால் இழுத்து உள்சதையைப் பார்க்க வேண்டும். ரத்தம் இருந்தால் சிவப்பு, குறையக் குறைய ரோஸ், அப்புறம் வெள்ளை. அதற்கென்று அச்சடித்த அட்டை உண்டாம், எங்களுக்கு வரவில்லை. டாக்டர் ராஜபாளையத்தில் ஒரு பெயிண்ட் கடைக்குப் போய் ஷேடு கார்டு வாங்கி, சிவப்பிலிருந்து வெள்ளை வரை ஐந்து துண்டு வெட்டி அட்டையில் ஒட்டினார். கடைக்காரர் வீட்டுக்கு அடிக்கவா, கடைக்கு அடிக்கவா என்று கேட்டாராம். ஆட்டுக்கு என்று இவர் சொன்னாராம். நான் அந்த அட்டையை ஆட்டின் கண்ணோரம் பிடித்துக்கொண்டு வெயிலில் நின்றபோது, ரோட்டில் போனவர்கள் சைக்கிளை நிறுத்திவிட்டு, "என்ன சார், ஆட்டுக்குக் கண்ணாடி போடப் போறீகளா?" என்று விசாரித்துவிட்டுப் போனார்கள்.

வெளுத்ததுக்குப் புது மருந்து, சிவந்ததை அப்படியே விடு. எடை போட்டு ஊற்று. மருந்து குடித்த ஆட்டைப் பழைய மேய்ச்சலிலேயே கொஞ்ச நாள் நிறுத்து. வாராவாரம் இமையைப் பார். நிலத்துக்காரர்கள் முணுமுணுத்தார்கள். பாதி ஆட்டுக்கு மருந்து ஊற்றாத கிடை எதற்கு என்று இரண்டு பேர் வேறு மந்தைக்குச் சொல்லிவிட்டார்கள். அப்போதுதான், மருந்து கொடுக்காமல் விட்ட ஆடுகளில் ஒன்று, ஒரு தடவை இமை பார்த்ததற்கும் அடுத்த தடவைக்கும் நடுவில் வெளுத்துச் செத்துப்போனது.

மறுநாள் காலையில் நானும் டாக்டரும் போனபோது கிடையோரம் புரோக்கரின் குட்டியானை வண்டி நின்றது. பின்கதவு திறந்திருந்தது. பேச்சியம்மாள் எங்களை நிமிர்ந்து பார்க்கவில்லை.

"உங்க பேச்சக் கேட்டு ஒரு உசுரு போச்சு, டாக்டரம்மா. நம்ம கட்சிப் புழுவாம், நம்ம கட்சி. என்னால முடியல. ஏத்தி விட்டுருதேன்."

நான் வாயைத் திறந்தேன். டாக்டர் என் கையைத் தொட்டு நிறுத்தினார். சமாதானம் சொல்லவில்லை, அவளைக் குறை சொல்லவும் இல்லை. அட்டையை எடுத்து பேச்சியம்மாளின் கையில் கொடுத்தார். "தாராளமா ஏத்து. ஆடு உன்னோடது. ஏத்துறதுக்கு முன்னாடி ஒவ்வொண்ணு கண்ணையும் நீயே ஒரு தடவ பாத்துரு. நான் பாத்துச் சொன்னா நம்ப மாட்ட."

அவள் பார்த்தாள். நல்ல வெயில். முதல் ஆடு சிவப்பு. இரண்டாவது ரோஸ். அடுத்தது சிவப்பு. போன மாசம் தாடை தொங்கி நின்ற ஆட்டின் இமையை இழுத்தவள், நம்பாமல் அட்டையை இன்னும் பக்கத்தில் கொண்டுபோய்ப் பார்த்தாள். பிறகு மளமளவென்று ஒவ்வொன்றாகப் பிடித்தாள். புரோக்கர் அண்ணாச்சி தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு, "ஏட்டி, வெயிலு ஏறுது" என்றார். அவள் கேட்கவில்லை. கொழுந்தன் ஆட்டை மறிக்க, அவள் இமையை இழுக்க, நான் உதைவாங்க, பாதி மந்தை முடிந்தது.

அப்போது மொச்சை வந்தது. மொச்சை என்பது மந்தையிலேயே அவலட்சணமான கிழட்டு ஆடு. காது கட்டை, உடம்பு கூழை, பொட்டுகூட ஒழுங்காக விழவில்லை. ஒரு தடவையும் அதற்குப் புது மருந்து கொடுத்ததில்லை. அதன் கண் செம்பருத்திப் பூவாக இருந்தது. அதன் இரண்டு குட்டிகளுக்கும் அப்படியே. டாக்டர் சொன்னார், "இது புழுக்கையில நான் முட்டையே பாக்கல. புழுவுக்கு மட்டுமா டிக்கெட்டு? ஆட்டுக்கும் உண்டு."

அடுத்து அழகன். அழகன் மேற்கேயிருந்து விலைக்கு வாங்கி வந்த பெரிய கிடா. அதன் நெஞ்சு அகலத்தைப் பார்க்க அக்கம்பக்கத்து ஊர்க்காரர்கள் வருவார்கள். மந்தையின் பாதிக் குட்டிகளுக்கு அதுதான் அப்பன். பேச்சியம்மாள் இமையை இழுத்தாள். புது மருந்து குடித்திருந்தும் மறுபடி வெள்ளை. அதன் குட்டி ஒன்று, வெள்ளை. இன்னொன்று, வெள்ளை. அவள் கொஞ்ச நேரம் அழகன் கழுத்தில் கைவைத்துக்கொண்டு நின்றாள். எத்தனை பெருமை அந்தக் கிடா மேலே! கண்ணில் தண்ணீர் நின்றது. துடைத்துக்கொண்டாள்.

"அண்ணாச்சி, வண்டிய காலியா அனுப்ப மாட்டேன். அழகன ஏத்திக்கோங்க. மத்தது எதையும் தர மாட்டேன்."

"அந்தக் கூழ ஆட்டயாவது சேத்துக் குடு. நீ வச்சு என்ன செய்யப்போற?"

"மொச்சையா? அது மவனத்தான் இனிமே கிடாவா விடப் போறேன்" என்றாள் பேச்சியம்மாள். புரோக்கர் எங்களைப் பார்த்த பார்வையை வைத்து ஒரு ஆட்டைச் சுட்டே தின்றிருக்கலாம்.

சில வருஷங்களில் அந்த மந்தை அழகில் குறைந்துபோனது உண்மை. கூழையும் கட்டைக்காதுமாகப் பெருகின. மருந்துச் செலவும் குறைந்தது, சாவும் குறைந்தது. முகம் சுளித்துப் போன நிலத்துக்காரர்கள் திரும்பி வந்தார்கள். நானும் மாற்றலாகி ஸ்ரீவில்லிபுத்தூர் போய், அங்கேயே ஓய்வு பெற்றேன்.

பிரிவுபசார விழாவை ஆபீஸ் ஹாலில் வைத்தார்கள். ஆளாளுக்கு நான் பொறுமைசாலி என்று புகழ்ந்தார்கள், ரோஸ்லின் முன்வரிசையில் இருந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பெரிய பதவிக்குப் போய்விட்ட டாக்டர் கோமதியும் வந்து, மேடை நாற்காலியில் சங்கடமாக உட்கார்ந்திருந்தார். பால்கோவா பரிமாறுகிற நேரத்தில் பேச்சியம்மாள் நேராக மேடையேறி வந்தாள். "சார், வெளிச்சத்துக்கு வாங்க" என்று என்னை ஜன்னல் பக்கம் நிறுத்தி, என் கீழ்இமையை விரலால் இழுத்தாள். மறுகையில் சுருக்குப்பையிலிருந்து எடுத்த அட்டை, ஓரமெல்லாம் நைந்துபோனது.

"நல்ல செவப்பு. மருந்து வேண்டாம். இப்பிடியே மேய விடுங்க" என்று சபைக்கு அறிவித்தாள்.

சிரிப்பு அடங்கியதும் டாக்டர் உட்கார்ந்த இடத்திலிருந்தே சொன்னார், "அவரு காலையிலருந்து அழுதுட்டு இருக்காரு. இந்த சாம்பிள் செல்லாது."

"அப்போ ரெண்டு வாரம் கழிச்சு மறுபடி எடுக்கணுமாக்கும். வீட்டுக்கு வாரேன்" என்றாள் பேச்சியம்மாள்.

வேடிக்கைக்குச் சொல்கிறாள் என்று நினைத்தேன். சரியாக இரண்டு வாரம் கழித்து வாசலில் வந்து நின்றாள். அந்த இரண்டு வாரமும் நான் பேப்பரை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படித்து, மறுபடி முதலிலிருந்து படித்துக்கொண்டிருந்தேன். ரோஸ்லினிடம் காரணமில்லாமல் எரிந்து விழுந்தேன். பேச்சியம்மாள் என்னை முற்றத்து வெயிலில் நிறுத்தி இமையை இழுத்துப் பார்த்தாள். அட்டையைக் கிட்டே வைத்தாள், தள்ளி வைத்தாள், மறுபடி கிட்டே கொண்டுவந்தாள்.

"சரியாத் தெரியல, சார். எனக்குக் கண்ணு மங்கிட்டு வருது. செவப்பும் ரோஸும் ஒண்ணு போலவே இருக்கு. ஆபரேசனுக்குச் சொல்லியிருக்காக. அதுவரைக்கும் மந்தைய யாரு பாப்பா? கொழுந்தன் அவசரக்காரன், எல்லாத்துக்கும் ஊத்திருவான்."

ரோஸ்லின் உள்ளேயிருந்து வந்தாள். "எனக்கு நல்லாத் தெரியுது, பேச்சி. ரெண்டு வாரமா பாக்கேன். சுண்ணாம்பா வெளுத்துப் போச்சு. நீ ஓட்டிட்டுப் போ" என்றாள்.

நான் சட்டையை மாட்டிக்கொண்டு அட்டையை வாங்கிக்கொண்டேன்.